இலை பார்க்க நின்ற இரண்டு நாள்

வவுணதீவு,
மார்கழி 14

அன்புள்ள மகன் சதீசனுக்கு,

அப்பா எழுதுவது. அங்கே நீயும் மருமகள் றஜிதாவும் அந்தக் குளிருக்குள் நோய் நொடியில்லாமல் இருக்கக் கண்ணகை அம்மாளை மன்றாடுகிறேன். என் சுகத்தைக் கேட்டால், சீனி கூடிப்போய் இருக்கிறது, இடது முழங்கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சாகவில்லை. போன் இருக்க இந்த மனுசன் ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் உன் தங்கச்சி கஜானியின் கையில் இருக்கிறது. அதில் எழுத்து அழுத்த எனக்குத் தெரியாது, பேசி அனுப்பினால் அவள் காதில் விழும். அவளுக்குத் தெரியாமல் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதுதான் வயல் காவலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து வயல் வட்டைக்குள் காவல் வாடியில் குந்தியிருந்து எழுதுகிறேன். கொப்பித் தாள் ஈரமாகி எழுத்து ஊறியிருந்தால் அது மழைதான், நான் அழுதேன் என்று எண்ணிவிடாதே.

முதலில் வீட்டுப் பாடு. கார்த்திகை மழை இந்த வருசம் சும்மா விடவில்லை, வலையிறவுப் பாலத்தடியில் வாவி ஏறி மூன்று நாள் பஸ் ஓடவில்லை, எங்கள் வட்டையில் பள்ளத்துப் பக்கம் ஆறு நாள் தண்ணீருக்குள் கிடந்து விதைத்தது அவ்வளவும் அழுகிவிட்டது, மேட்டில் உள்ளது மட்டும் தப்பிக் கதிருக்கு வரப் பார்க்கிறது. யானை இரண்டுதரம் வந்து போய்விட்டது, வாழை ஒன்றும் மிச்சமில்லை. மருமகன் கேதீசன் மேசன் வேலைக்குப் பாலம் தாண்டி ரவுணுக்குப் போகிறவர் மழையால் பாதி நாள் வீட்டில்தான் நிற்கிறார், அந்த மனுசன் நல்லவர், என்னை ஒரு சொல் சொன்னதில்லை. கஜானிக்கு ஏழாம் மாதம். கால் இரண்டும் ஊதிப்போய் இருக்கிறது, கிளினிக்கில் உப்பைக் குறைக்கச் சொன்னார்களாம், கேட்கிறாளா, கருவாடு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது, அம்மாவின் நாக்கு. அந்தக் காலோடு குனிந்து நிமிர்ந்து என் சீனிக்கென்று தனியாகக் குரக்கன் ரொட்டி சுடுகிறாள். வேண்டாம் புள்ள, எல்லாரும் தின்னுகிற சோற்றைத் தா என்றால் முறைக்கிறாள். அந்த வீடு அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு, அவள் வீட்டில்தான் நான் இருக்கிறேன், அவள் போடுவதைத்தான் தின்னுகிறேன். இதை ஏன் விரித்து எழுதுகிறேன் என்று போகப் போகத் தெரியும்.

நீ கூட்டாளியிடம் கொடுத்துவிட்ட பொதி போன மாதம் வந்தது. கஜானிதான் கத்தரிக்கோலால் ஒட்டுநாடாவை வெட்டித் திறந்தாள். எனக்கு அந்தத் தடித்த ஜக்கற், கேதீசனுக்குச் சப்பாத்து, உன் பெரியப்பாவின் மகன் உதயரூபனுக்கு மணிக்கூடு, பிறக்கப் போகிற பிள்ளைக்குக்கூட ஒரு தொப்பி. ஒவ்வொன்றாக எடுத்து ஆளாளுக்குக் கொடுத்தாள். பிறகு பையைத் தலைகீழாகப் பிடித்து ஒருதரம் உதறினாள். ஒன்றும் விழவில்லை. மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு உலை பார்க்கப் போய்விட்டாள். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அமுது படைத்தபோதும் நீ உதயரூபனின் போனில்தான் பார்த்தாய். படம் பிடிக்கிற பக்கம் வந்தால் நீ நிறுத்திப்போடுவாய் என்று பயந்து கஜானி சமையல்கட்டு வாசலோடு ஒதுங்கி நின்றாள், பெற்ற தாயின் அமுதுக்குப் பெண்பிள்ளை ஒளித்து நின்றாள். அவளுடைய நம்பரை நீ மறித்து வைத்திருக்கிறாய் என்று உதயரூபன் சொன்னான். மறித்து வைத்தும் அவள் கிழமைக்கு ஒருதரம் உனக்கு ஏதோ பேசி அனுப்புகிறாள், போகாது என்று தெரிந்துகொண்டே அனுப்புகிறாள்.

இனி விசயத்துக்கு வருகிறேன். கோபம் வந்தால் இந்தத் தாளைக் கிழி, ஆனால் முழுதும் வாசித்துவிட்டுக் கிழி.

உன்மேல் எனக்கும் கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதமும் ஒரு பொய்யாகிவிடும். ஒன்பது வருசம் நீ இந்தப் பக்கம் வரவில்லை சதீசன். வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தித் திருவிழாவுக்கு ஒருக்கால் வந்து முகம் காட்டிவிட்டுப் போ என்று அம்மா கேட்டாள், லீவு இல்லை என்றாய். ஆவணியில் கேட்டாள், வேலை மாறப் போகிறேன் என்றாய். புரட்டாதி கடைசியில் ரொறொன்ரோவை விட்டுக் கல்கரிக்குக் குடிபோகிறோம், வீட்டுச் சாமான் எல்லாம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர் தரையாலேயே ஓடப்போகிறோம் என்றாய். அது எவ்வளவு தூரம் என்று அம்மாவுக்குப் பிடிபடவில்லை. இங்கிருந்து கதிர்காமத்துக்கு ஏழுதரம் போய்த் திரும்பலாம் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கே பிள்ளையாருக்கு ஏழு தேங்காய் நேர்ந்துவிட்டாள், ஏழையும் அடிப்பதற்கு முன் அவள் போய்ச் சேர்ந்தாள்.

நீங்கள் வெளிக்கிட்டதற்கு அடுத்த நாள், இங்கே செவ்வாய்க்கிழமை காலை, நான் முற்றத்தில் விதைநெல் மூட்டையை அவிழ்த்துக்கொண்டு நிற்கிறேன், உள்ளே பிட்டுப்பானை விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் வலது பக்கம் முழுதும் சோர்ந்து வாய் கோணி நிலத்தில் கிடக்கிறாள். சந்தியில் நிற்கிற ஓட்டோக்கார நஸீர் அள்ளி ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார், கஜானி அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தாள். டொக்டர்மார் குறையில்லாமல் பார்த்தார்கள். பெரிய வாதம், மூன்று நாலு நாள் தாண்டினால்தான் சொல்லலாம் என்றார்கள். மத்தியானத்துக்குள் நினைவு வந்தது, பேச்சும் வந்தது, கொழகொழவென்று இருந்தாலும் எங்களுக்கு விளங்கியது. அவள் முதல் கேட்டது உன்னைத்தான், பிள்ளை இப்ப எவடத்தில போறான் என்று.

அண்ணாவுக்குச் சொல்லுவோம் என்று கஜானி அப்போதே போனை எடுத்தாள். நான் மறித்தேன். அந்த மறிப்பில் பிழையில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். வழிப்பயணத்தில் போகிறவனுக்குத் துக்கம் சொல்வதில்லை, நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். நாகரெத்தினம் செத்த அன்று அவன் மகன் சாவுக் கேதி கேட்டுவிட்டு வாழைச்சேனையில் இருந்து மோட்டர்சைக்கிளில் வந்தான், வந்து சேரவில்லை, ஒரே வீட்டில் இரண்டு பிரேதம் எடுத்தோம், நீயும் அப்போது இங்கேதான் நின்றாய். அதனால் சொன்னேன், பிள்ளை வாகனம் ஓடுகிறான், போய்ச் சேர்ந்தபிறகு சொல்லலாம் என்று. அம்மா எப்படி என்று நீ எழுதிக் கேட்டிருந்தாய். நல்லாயிருக்கிறா என்று எழுது என்றேன். கஜானி எழுதமாட்டேன் என்று நின்றாள். பக்கத்தில் நின்று அதட்டி எழுத வைத்தேன். அதைத்தானே நீ பிறகு திரும்பத் திரும்பப் படம் எடுத்து அனுப்பி அவளைக் கேட்டாய், இதை எழுதினது உன் கைதானே என்று. கை அவளுடையதுதான்.

புதன்கிழமை காலை மருமகள் குரல் போட்டிருந்தாள். நல்ல சந்தோசமான குரல். மாமா, நாளையும் நாளையின்றைக்கும் நாங்கள் ஓடவில்லை, பெருந்தெருவால் விலகி ஒரு வாவிக்கரைக்குப் போறம், இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாய் நிறம் மாறுகிற காலம், இதை விட்டால் இனி வருசத்துக்கு இருக்கவேணும், கல்கரிப் பக்கம் இப்படி இல்லையாம், ரெண்டு நாள் அங்கேயே தங்கிப் பார்த்துவிட்டு மறுகா வெளிக்கிடுவம் என்றாள். அந்தப் பிள்ளையில் குற்றமில்லை, அவளுக்கு என்ன தெரியும். கஜானிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வார்ட்டுக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அப்பா, அண்ணா ரெண்டு நாள் வாகனம் ஓடமாட்டார். ஒரு இடத்தில நிக்கப்போறார். இப்பச் சொல்லலாம், ஒண்டும் நடவாது.”

அவள் சொன்னது சரிதான். நான் மறித்ததற்குச் சொன்ன ஒரே காரணம் அந்த இடத்தில் இல்லாமல் போயிற்று. நீ தெருவில் இல்லை, குளிர் காய்ந்துகொண்டு ஒரு அறையில் இருக்கப்போகிறாய். சொல்லியிருந்தால் அன்றைக்கே தாயோடு கதைத்திருப்பாய், பிளேனுக்கு ஓடியிருந்தால் பிரேதம் எடுக்குமுன் வந்து சேர்ந்தும் இருப்பாய். எனக்கு அது தெரியும் மகன். தெரிந்துகொண்டுதான் செய்தேன். என்ன சொன்னேன் என்று கேள். குளிர்த்திக்கு வர நாளில்லை, தாயைப் பார்க்க நாளில்லை, இலை பார்க்க ரெண்டு நாள் இருக்கு அவனுக்கு, பாக்கட்டும், வடிவாப் பாத்து முடிக்கட்டும் என்றேன். சொல்லிவிட்டுப் போனை அவள் கையால் பறித்து என் சட்டைப் பைக்குள் போட்டேன். இருபது வருசம் வட்டவிதானையாக இருந்து ஆருக்கு எப்போது தண்ணீர் திறப்பது, ஆருக்கு மறிப்பது என்று கட்டளை போட்ட வாய், என் வீட்டிலும் அதே வாய்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அது கோபத்தில் கை நீட்டுகிறவனுக்குச் சொன்னது, நான் இரண்டு நாள் நின்று நிதானித்து ஆத்திரப்பட்டவன்.

வியாழக்கிழமை நீ அனுப்பிய படம் வந்தது. வாவிக்கரையில் நீயும் றஜிதாவும், பின்னால் காடு முழுதும் சிவப்பு. அதை மட்டும் அம்மாவுக்குக் காட்ட விட்டேன், ஆளுக்குச் சந்தோசமாக இருக்கட்டும் என்று. கஜானி முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள். அம்மா நெடுநேரம் பார்த்தாள். மரமெல்லாம் ஏன் பட்டுப்போய் நிக்குது, அங்கயும் மழை இல்லையா என்று கேட்டாள். பட்ட மரத்தைப் பார்க்க இவ்வளவு தூரம் போன பிள்ளையை நினைத்துக் கோணின வாயால் சிரிக்கப் பார்த்தாள். பிறகு உன் தலையில் தொப்பி இல்லை, காது வலிக்கும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, ஒருக்காக் கதைச்சுப் பாப்பமா என்று கேட்டாள். என்னைக் கேட்டாள், கஜானியை இல்லை. போன் என் பையில் இருந்ததைக் கண்டிருப்பாள். நான், அங்க லைன் இல்லையாம், காட்டுக்குள்ள நிக்கினம் என்றேன். சாகக் கிடந்தவளுக்கு அந்தப் பொய்யைச் சொன்னேன். அவள் நம்பினாள். நாற்பது வருசம் நான் சொன்னதை நம்பினவள் அன்றைக்கு மட்டும் நம்பாமல் விடுவாளா. கஜானி என்னை ஒரு பார்வை பார்த்தாள், எழும்பி வெளியே போய்விட்டாள். சாப்பாடு கொண்டுவந்த நஸீர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றவர், வாசலில் வைத்து, விதானையார், பெத்த தாய்ட விசயம், பொடியனுக்குச் சொல்லிடுங்க என்று பணிவாகச் சொன்னார். உன் வேலையைப் பார் என்று ஏசி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை விடிய வாதம் இரண்டாம் தரம் அடித்தது, ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டாள்.

அப்போதாவது சொன்னேனா. இல்லை. இனிச் சொன்னால் தலை தெறிக்க வாகனம் ஓடுவான், ஒருவரும் முகப்புத்தகத்தில் ஒன்றும் போடக்கூடாது என்று ஊருக்குக் கட்டளை போட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள், பயணத்தில் போகிறவனுக்குச் சொல்வதில்லை என்பது அவர்களுக்கும் நியாயமாகப் பட்டது. சனிக்கிழமை பிரேதம் எடுக்கிற நேரம் உன் கூட்டாளி வினாயகமூர்த்தியின் போனில் நீ போட்ட படங்கள் வந்து விழுந்தன, ஒரு இலைக்குவியலுக்குள் கிடந்து சிரிக்கிறாய், இரண்டு கையாலும் இலையை அள்ளி மேலே எறிகிறாய். போன் கை மாறிக் கை மாறிச் செத்தவீடு முழுதும் போயிற்று. தாய் பெட்டிக்குள், மகன் இலைக்குள் என்று ஒருத்தி சொன்னாள். அவனுக்குத் தெரியாது, நான்தான் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அந்த வாய்களை மூடியிருக்கலாம். பந்தலுக்குள் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லட்டும் என்று இருந்தது. உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது, இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் இருந்தது. உதயரூபன் கொள்ளிக்குடம் தூக்கி மூன்றுதரம் சுற்றி வந்தபோதுதான் அந்தத் திருப்தி போயிற்று. குடம் சுமக்க வேண்டிய தோள் எது என்று ஊருக்கே தெரியும், அந்தத் தோளை வரவிடாமல் பண்ணியவன் நான் என்று எனக்கு மட்டும் தெரியும், கஜானிக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை கல்கரிக்குப் போய்ச் சேர்ந்து புது வீட்டைக் காட்டப் போன் எடுத்தாய். அம்மாட்டக் குடு, படமெல்லாம் காட்டவேணும் என்றாய். கஜானி சொன்னாள். நீ கத்தியது முற்றம் வரைக்கும் கேட்டது. ஆர் எனக்குச் சொல்லாமல் விடச் சொன்னது என்று கேட்டாய். நான் மூன்று முழத்தில் கதிரையில் இருந்தேன். வாய் திறக்க நேரம் இருந்தது. கஜானி என் பக்கம் திரும்பவே இல்லை, நான்தான் அண்ணா, நீங்க வாகனம் ஓடுறீங்க எண்டு பயந்து நான்தான் சொல்லாமல் விட்டன் என்றாள். ரெண்டு நாள் நான் ஓடாமல் நிண்டனே, அப்ப ஏன் சொல்லயில்லை என்று நீ கேட்டாய். அதற்கும் அவள், யோசிக்கயில்லை அண்ணா என்றாள். இனி எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை என்று சொல்லிப் போனை வைத்தாய். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று உன்னை நினைத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான், அந்தக் கதிரையில் கல்லாக இருந்தவனும் நான்தான். அன்றைக்கு மட்டும் இல்லை, இரண்டு மாதம் கழிந்துவிட்டது, ஒவ்வொரு நாளும் ரொட்டியைத் தின்றுகொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன். முதலில் மானம். பிறகு பயம், நீயும் என்னை விட்டுவிடுவாய் என்ற பயம்.

போன கிழமை அவளிடம் கேட்டேன், ஏன் புள்ள உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று. அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள், சுளகை நிறுத்தவில்லை.

“அம்மாவும் போயிட்டா. அண்ணனுக்கு அப்பாவும் இல்லாமப் போகப்படாது.”

அவ்வளவுதான் சொன்னாள். அதைக் கேட்டபிறகு எனக்கு அந்த வீட்டுச் சோறு இறங்கவில்லை.

இப்போது நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினையாதே. அம்மாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு அது, உன்னால் தர ஏலாது. என்னோடு கதைக்காமல் விடுவதென்றால் விடு, அது உன் நியாயம், நான் முறையிடமாட்டேன். ஆனால் அவளோடு கதை. நம் வழக்கம் உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன், பிள்ளைகள் தாயின் குடியை, தாய்வழிக் குலத்தைத்தான் சேருவார்கள், நான் வேறு குடி, கோயிலில் அம்மாவின் குடிக்குத் திருவிழா வந்தால் இந்த வீட்டில் இருந்து முன்னுக்கு நிற்க நீங்கள் இரண்டு பேரும்தான், அவள் வயிற்றில் இருக்கிறதும் அந்தக் குடிப் பிள்ளைதான். உங்கள் இருவரையும் வெளிக்குடியான் ஒருவன் பிரித்துவிட்டான் என்று எடுத்துக்கொள். மாசி முதல் கிழமை பிள்ளை பிறக்கும் என்கிறார்கள். தாயும் இல்லை, தமையனும் இல்லை என்று அவள் அந்தக் கட்டிலுக்குப் போகக்கூடாது.

அங்கே குளிர் கூடும் என்று உதயரூபன் சொன்னான், தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. வழுக்குகிற பனியில் வாகனத்தை மெதுவாக ஓட்டு. மருமகளுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டு, இலை பார்க்கக் கேட்டது தான்தான் என்று அந்தப் பிள்ளை மனதுக்குள் கிடந்து வேகக்கூடாது, பார்க்கிற வயதில் பார்க்கத்தான் வேண்டும். இரண்டு பேருக்கும் அம்மாளின் காவலும் என் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு, நீ வேண்டாம் என்றாலும் உண்டு.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அவளுடைய நம்பரைத் திறந்துவிட்டு எடு. இங்கே பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடு, அதுவரைக்கும் காலை நீட்டிப் படுத்திருப்பாள். நீ கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள். அப்பாவுக்கு வயது போய் அறளை பேர்ந்துவிட்டது, நடவாததை எல்லாம் எழுதுகிறார் என்று சொல்லுவாள். நம்பாதே மகன். அவள் எனக்காகச் சொல்லுகிற கடைசிப் பொய்யாக அது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தாயைக் கடைசியாக உன்னோடு கதைக்க விடாத
அப்பா,
க. அழகரத்தினம்